முதல் குரல் யாருடையது?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், ரக்கூன் என்னும் மரமேறும் விலங்கின் வேட்டைப் போட்டி இரவில்தான் நடக்கும். காட்டோரத்தில் நான்கு நாய்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். நாய்கள் இருட்டுக்குள் போய் மறைந்துவிடும். உரிமையாளர்கள் நால்வரும் நடுவரோடு நின்ற இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். எங்கோ ஒரு நாய் தடம் பிடித்துக் குரல் கொடுத்ததும் அதன் உரிமையாளர் நாயின் பெயரைச் சொல்லி அறிவிக்க வேண்டும். யுனைட்டட் கென்னல் கிளப்பின் விதிப்படி, முதலில் தடம் பிடித்த நாய்க்கு 100 புள்ளி. அடுத்துச் சேர்ந்ததற்கு 75, மூன்றாவதற்கு 50, கடைசிக்கு 25. ரக்கூன் மரமேறிய பின் அடிமரத்தில் நின்று குரைப்பதற்கும் இப்படியே இறங்குவரிசை: 125, 75, 50, 25. விளக்கடித்துப் பார்த்து மரத்தில் ரக்கூன் இருந்தால் எல்லாப் புள்ளியும் கூடும். ஒளிய இடமில்லாத மரமாக இருந்து ரக்கூனையும் காணோம் என்றால் அத்தனையும் கழியும். பொந்தும் இலையடர்த்தியுமாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாத மரமென்றால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. போட்டி இரவில் ரக்கூனைச் சுடுவதும் இல்லை. பார்த்தார்களா, கணக்கெழுதினார்களா, நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் புள்ளிக்கணக்கை விலங்கு நடத்தையியல் நூல் எதிலிருந்தும் எடுக்கவில்லை. ஆனால் அந்தத் துறை பல்லாண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. கூட்டத்தோடு திரியும் விலங்கு தன் புலன் சொல்வதை நம்ப வேண்டுமா, பக்கத்தில் இருப்பதன் முடிவை நம்ப வேண்டுமா? தானாகக் கண்டுபிடித்தால் பலன் பெரிது. தவறினால் இழப்பும் பெரிது. மற்றதன் குரலுக்கு ஓடிச் சேர்ந்தால் சிறிய பலன் உண்டு, ஆனால் அது பொய்க்குரலாக இருந்தால் சேர்ந்தவர் எல்லாருக்கும் நஷ்டம். வேட்டைநாய்க் குட்டியைப் பழக்குவது என்பது இந்த இரண்டு நம்பிக்கைகளையும் அதனிடம் சரியான வரிசையில் வளர்ப்பதுதான். வரிசை மாறினால் திருத்துவது பெரும்பாடு.

இந்த வேலைக்கு வளர்க்கப்படுபவை ஹவுண்ட் என்னும் மோப்ப வேட்டை இனங்கள். நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டதைக் காலால் துரத்துபவை. ஹவுண்டுக்கு இரை கண்ணில் படுவதே கடைசியில்தான். அதுவரை மூக்கும் குரலும்தான். வட கரோலினாவின் மலைகளில் உருவான பிளாட் ஹவுண்டின் முன்னோரை, 1750இல் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பிளாட் குடும்பத்தார் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 1989 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ நாய் அதுதான். இன்னொரு புகழ்பெற்ற இனமான ட்ரீயிங் வாக்கரின் மூதாதைகளில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டென்னசியில் திருடப்பட்டு கென்டக்கியில் விற்கப்பட்ட நாய். டென்னசி லீட் என்ற பெயரோடு அது வம்சாவளிப் பட்டியலின் உச்சியில் இருக்கிறது. களவுபோன நாய்க்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்குமா தெரியவில்லை.

இந்த இனங்களிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார்கள். ரக்கூனை மரமேற்ற ஒரு நாய் போதும். கருங்கரடியை அப்படிச் செய்ய முடியாது. வளர்ந்த ஆண் கரடி 100 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும்; தனி நாய் ஒன்று குரைத்தால் திரும்பி ஓர் அறை விடும். அதற்குக் கூட்டம் வேண்டும். ஆக, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் சில தனியாகவும் சில கூட்டமாகவும் உழைக்கப் பழக வேண்டும். நல்ல நாய் இரண்டையும் செய்யும்.

மூக்கிலிருந்து தொடங்குவோம். தடத்தைக் கண்டுகொள்வதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது கடினம். ரக்கூன் கிழக்கே போயிருந்தால் மேற்கே ஓடும் நாய் எத்தனை கெட்டியாகத் தடம் பிடித்தாலும் பயனில்லை. 1993இல் நார்வே ஆய்வாளர்கள் பழக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை, மனிதர் நடந்த தடத்தின் குறுக்கே கொண்டுவந்து விட்டு ஒவ்வொரு மூச்சையும் பதிவுசெய்தார்கள். முதலில் நாய் வேகமாகத் தேடியது. தடத்தில் மூக்கு பட்டதும் வேகம் குறைந்தது. இரண்டு முதல் ஐந்து காலடிகளை முகர்ந்து, மூன்று முதல் ஐந்து வினாடிகளில் திசையை முடிவுசெய்துவிட்டுச் சரியான பக்கம் திரும்பியது. பிற்பாடு வட அயர்லாந்தில் ஹெப்பர், வெல்ஸ் இருவரும் காலடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தார்கள். ஐந்து காலடி இருந்தால் நாய்க்குத் திசை புரிந்தது, மூன்றில் புரியவில்லை. முதல் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் இடையே ஒரு வினாடியோ இரண்டோதான் வித்தியாசம். அந்தச் சிறு பழமையை மணத்தின் அளவில் நாய் ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

இதை எந்த மனிதரும் குட்டிக்குக் கற்றுத்தர முடியாது. பழக்குபவரால் முடிந்ததெல்லாம், குட்டி தானே அந்தச் சில வினாடிகளைச் செலவழித்து முடிவெடுக்கும்படியான சூழலை மீண்டும் மீண்டும் அமைத்துக்கொடுப்பதுதான். ரக்கூன் தோலைக் கயிற்றில் கட்டிப் புல்லில் இழுத்துப்போய் மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். முதலில் குட்டி பார்க்கும்படி இழுப்பார்கள், பிறகு மறைவாக, பிறகு நேரம் கழித்து, வளைவுகளோடு. குட்டிக்கு அது விளையாட்டு. தோலைக் கண்டுபிடித்துக் குரைத்தால் கட்டிப்புரண்டு கொண்டாடுவார்கள்.

இதற்கும் முன்பே ஒரு சன்னல் திறந்து மூடுகிறது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஸ்காட்டும் ஃபுல்லரும் ஐந்து இன நாய்களை வைத்து நடத்திய நீண்ட ஆய்வு 1965இல் நூலாக வந்தது. ஏறத்தாழ 3 முதல் 12 வாரம்வரை குட்டியின் மனம் யாரை, எதைத் தன்னுடையதாக ஏற்பது என்று முடிவுசெய்துகொள்கிறது. 14 வாரம்வரை மனித வாசமின்றி வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரோடு ஒட்டவே சிரமப்பட்டன. காட்டுக்கு அனுப்பப்போகும் நாய்தானே என்று கூண்டிலேயே போட்டு வளர்ப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். தூரமாகப் போகும் நாய்க்குத்தான் திரும்பி வருவதற்கு ஒரு மனிதர் தேவை.

அடுத்த கேள்வியில் பழக்குபவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. குட்டியை மூத்த நாயோடு விடலாமா?

விடலாம் என்பவர்கள் பக்கம் நல்ல சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் காவல்துறை நாய்களை வைத்து ஸ்லாபர்ட், ராசா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தாய் போதைப்பொருளை மோப்பம் பிடித்து எடுப்பதை 6 முதல் 12 வார வயதுக்குள் பார்த்து வளர்ந்த குட்டிகள், ஆறு மாத வயதில் அதே வேலையை மற்றக் குட்டிகளைவிட நன்றாகச் செய்தன. பார்த்துக் கற்பது நாய்க்கு இயல்பு. நம் உழவர்களும் பழகாத காளையைப் பழகிய மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டித்தானே ஏர் பழக்கினார்கள்?

ஆனால் காளை இழுத்தால் போதும், வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூத்த ஹவுண்டோடு காட்டுக்குப் போகும் குட்டிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூத்தது பழந்தடம் ஒன்றைப் பொறுமையாக அவிழ்க்கிறது. குட்டிக்கு அதில் சுவாரசியம் இல்லை. பூச்சியைத் துரத்துகிறது, தண்ணீர் குடிக்கிறது. மூத்தது குரல் கொடுக்கிறது. குட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு குரல் வந்த பக்கம் பாய்கிறது. மரத்தடியில் கூச்சல், மேலே ரக்கூன், உரிமையாளரின் தட்டிக்கொடுப்பு. உலகிலேயே பெரிய பரிசு கிடைத்துவிட்டது. அந்தப் பரிசு குட்டியின் எந்தச் செயலை வலுப்படுத்தியது? மோப்பத்தை இல்லை. சத்தம் கேட்டால் ஓடு என்பதைத்தான். பத்து இரவு இப்படிப் போனால் வேட்டைக்காரர்கள் ‘நானும்தான்’ என்று கேலிசெய்யும் நாய் உருவாகிவிடும். அது ஓடும், குரைக்கும், மரத்தைப் பிறாண்டும். வெளியிலிருந்து பார்த்தால் முழு வேட்டைநாய். தனியாக விட்டால்தான் தெரியும்: கால்மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும்.

குட்டியின் சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லக்கூடாது. 1981இல் பார்னார்ட், சிப்லி இருவரும் ஊர்க்குருவிக் கூட்டங்களில் இதே பிளவைக் கண்டார்கள். சில குருவிகள் இரை தேடின. சில, தேடும் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்து பங்குக்கு வந்தன. ஒட்டித் தின்பது நல்ல உத்திதான், தேடுபவர்கள் போதுமான அளவில் இருக்கும்வரை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் பட்டினி. கூட்டத்தில் கண்டுபிடிப்போரும் ஒட்டிக்கொள்வோரும் ஏதோ ஒரு விகிதத்தில் நிலைபெறுவார்கள். ஒவ்வொரு நாயும் முதல் வகையாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பழக்குபவர், அந்த இயல்பான விகிதத்தோடு மல்லுக்கட்டுகிறார்.

அதனால் அனுபவமுள்ள பலர் மூத்த நாயை ஊறுகாய் அளவுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆர்வம் எழும்வரை சில இரவுகள். பிறகு குட்டி தனியாக. பழக்குபவருக்கு இதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம், ஏனென்றால் செய்ய வேண்டியது ஏதுமில்லை. ரக்கூன் நிறைய இருக்கும் ஓடையோரமாகப் பார்த்துக் குட்டியை விட்டுவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும். திரும்பி வந்து காலைச் சுற்றினால் பேசக்கூடாது, தட்டிக்கொடுக்கக்கூடாது. கொஞ்சினால் திரும்பி வருவதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். அலுத்துப்போய் அது மறுபடி இருட்டுக்குள் போகும். ஒருநாள் வெகுநேரம் வராது.

வீட்டு நாய்க்கு நாம் மெச்சும் பண்பு ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. புடாபெஸ்டில் மிக்லோசியும் சகாக்களும் 2003இல் காட்டியதுபோல, தீர்க்கமுடியாத சிக்கல் வந்தால் நாய் மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். மனிதர் கையால் வளர்ந்த ஓநாய்கூட அப்படிப் பார்ப்பது அரிது. அதே நகரத்துக் காச்சியின் குழு 2009இல், மனிதரோடு கண்தொடர்பில் உழைக்க வளர்த்த இனங்கள் விரலால் சுட்டியதைப் பின்பற்றுவதில், ஹவுண்ட் போலத் தனித்து உழைக்கும் இனங்களைவிடச் சிறந்தவை என்று கண்டது. முட்டாளென்று ஹவுண்டைத் திட்டுபவர்கள் இந்தத் தேர்வில் அது வாங்கிய மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். நள்ளிரவில் ஓடைக்கு அப்பால் முகர்ந்துகொண்டிருக்கும் நாய்க்கு யாருடைய விரலும் தெரியாது. சின்ன வயதிலேயே நிமிடத்துக்கொரு முறை கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கீழ்ப்படிதல் பழக்கினால், தடம் மங்கும் இடத்தில் குட்டி மூக்கைத் தாழ்த்தாமல் தலையைத் திருப்பும்.

தனியாகப் போவது தெரிந்தால் வருவதும் தெரிய வேண்டும். செக் நாட்டில் 27 வேட்டைநாய்களுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டி அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஓட்டங்களைப் பதிவுசெய்த ஆய்வு 2020இல் வந்தது. பல ஓட்டங்களில் நாய் தான் போன தடத்தையே முகர்ந்து திரும்பியது. மற்றவற்றில் புதுவழியில் குறுக்கே வந்தது. அப்படி வருவதற்குமுன் பெரும்பாலும் ஏறத்தாழ 20 மீட்டர் தூரம், உரிமையாளர் எந்தத் திசையில் நின்றாலும் சரி, வடக்கு தெற்காக ஓடியது. அந்தச் சிறு ஓட்டம் ஓடிய நாய்கள் கூடுதல் நேர்வழியில் வந்துசேர்ந்தன. பூமியின் காந்தப்புலத்தோடு நாய் தன் மனவரைபடத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் சரியோ தவறோ, கழுத்துப்பட்டைத் திரையில் நாய் திடீரென வேறு பக்கம் ஓடுவதைக் கண்டு பதறி விசிலடிக்கும் உரிமையாளர் ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

தனியாக உழைக்கும் குட்டி இரண்டு தவறுகளைச் செய்யும். முதலாவது அவசரம். ரக்கூன் சாமர்த்தியசாலி, ஒரு மரத்தில் ஏறி, கிளைவழியே அடுத்த மரத்துக்குத் தாவியோ மறுபக்கம் இறங்கியோ போய்விடும். அடிமரத்தில் மணம் இருக்கும், மேலே ஆள் இருக்காது. இளம் நாய் அடிமரத்து மணத்திலேயே மயங்கிக் குரைத்து நிற்கும். தேர்ந்த நாய் மரத்தைச் சுற்றி வட்டமடித்து, எந்தப் பக்கமும் வெளியேறும் தடம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் குரலை மாற்றும். தடத்தில் ஓடும்போது நீண்ட ஊளை, மரத்தடியில் விட்டுவிடாத குறுங்குரைப்பு. இந்த மாற்றத்தை வைத்தே உரிமையாளர் இருட்டில் நின்றபடி நடப்பதை அறிகிறார். இந்தத் தவறை மனிதர் திருத்த வேண்டியதில்லை. வெறும் மரத்தடியில் பாராட்டு கிடையாது என்ற ஒன்றே போதும்.

இரண்டாவது தவறு மான். ஹவுண்டுக்கு மான்மணம் மிக இனிது, தடமும் எளிது. துரத்தத் தொடங்கினால் மைல்கணக்கில் போய்ச் சாலையில் அடிபட்டுச் சாகவும் கூடும். துரத்துவதே பரிசாக இருப்பதால் இங்கே பாராட்டைத் தராமல் இருப்பது உதவாது. அமெரிக்காவில் பலர் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை நாடுகிறார்கள். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை, அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. ஒரு கிலோமீட்டர் அப்பாலிருந்து பொத்தானை அழுத்துபவருக்கு நாய் அந்த நொடியில் எதை முகர்ந்துகொண்டிருந்தது என்று தெரியாது. அதிர்ச்சியை அது மானோடு முடிச்சுப்போடலாம். ஓடையோடு, பக்கத்தில் ஓடிய நாயோடு, தனியாகத் தூரம் போவதோடேயே முடிச்சுப்போடலாம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2014இல், துரத்தும் நாய்களைத் திருத்துவதில் இந்தப் பட்டை, பரிசுமுறைப் பயிற்சியைவிட மேலானதாக இல்லை என்று கண்டார்கள். வேல்ஸ் 2010லேயே தடைசெய்துவிட்டது. மான் நடமாடும் வேலிக்குள் நீண்ட கயிற்றில் குட்டியை நடத்தி, மான்மணத்தைச் சலிப்பான அன்றாடப் பொருளாக்கி, ரக்கூன் மணத்துக்கு மட்டும் விழா எடுப்பது மெதுவான வழி. ஆனால் நாய் எதைக் கற்றது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பாடம் முடியாத குட்டியைக் கூட்டத்தில் சேர்க்கக்கூடாது. தனி நாய் மானைத் துரத்தினால் ஒரு நாய் போகும். கூட்டத்தில் நம்பகமான குரல் ஒன்று மானைத் துரத்தினால் அத்தனையும் போகும். குட்டிகள் அன்றே மானையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். தடமே இல்லாமல் ஆசைக்குக் குரைக்கும் வாயாடி நாய் இன்னும் மோசம். சிலகாலம் மற்றவை ஏமாந்து ஓடிவரும். பிறகு அதன் குரலைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டா. ஒரு குரலுக்கும் இன்னொரு குரலுக்கும் நாய்கள் வெவ்வேறு மதிப்பு வைத்திருக்கின்றன என்று வேட்டைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

அப்பலேச்சியன் மலைகளில் கரடி வேட்டைக்கான நாய்க்கூட்டத்தை அவிழ்க்கும் முறையில் இந்த மதிப்பீடு அப்படியே தெரிகிறது. மண்சாலையில் மெதுவாகப் போகும் வண்டியின் மேல்தட்டில் மிகத் தேர்ந்த நாய் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். கரடி சாலையைக் கடந்த இடத்தில் காற்றில் மணம் பட்டதும் அது குரல் கொடுக்கும். உடனே எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவதில்லை. அந்த நாயோடு அதே தரத்தில் இன்னொன்று மட்டும் இறங்கும். தடம் உண்மை, கரடியேதான், திசை இதுதான் என்று அவை சொன்ன பிறகு மற்றவை, குட்டி கடைசியில். அதுவும் ஏற்கனவே தனியாக ரக்கூன் மரமேற்றிய குட்டி. தன் மூக்கு என்றால் என்னவென்று தெரிந்த பிறகு மற்றவரின் குரலுக்கு ஓடினால் பாதகமில்லை, ஓடும் வழியிலும் முகர்ந்து சரிபார்த்துக்கொண்டே ஓடும்.

கரடியைச் சூழ்ந்த பிறகு நடப்பதைப் பார்த்தால் யாரோ படைத்தலைவர் திட்டம் வகுத்ததுபோல இருக்கும். ஒன்று முகத்துக்கு நேரே குரைக்கும், இன்னொன்று பின்னங்காலை நோக்கிப் பாயும், கரடி திரும்பினால் பாத்திரங்கள் மாறும். திட்டம் தேவையில்லை என்று 2011இல் ஒரு கணினி மாதிரி காட்டியது. அதைச் செய்தவர்களில் நாய் ஆய்வாளர் ரேமண்ட் காப்பிங்கரும் ஒருவர். ஓநாய்க் கூட்டத்தை உருவகித்து இரண்டே விதிகள் கொடுத்தார்கள்: ஆபத்தில்லாத குறைந்தபட்சத் தூரம்வரை இரையை நெருங்கு, நெருங்கியபின் மற்ற ஓநாய்களிடமிருந்து விலகு. அவ்வளவுதான். சுற்றி வளைப்பது தானாகவே உருவானது. குட்டி முதல் கரடியிடம் கற்க வேண்டியதும் முதல் விதியில் இருக்கும் அந்தத் தூரத்தைத்தான். துணிச்சல் மிகுந்த குட்டி அதை அறை வாங்கிக் கற்கும், சில குட்டிகளுக்கு அதுவே முடிவு. ஓரளவு கோழைத்தனம் இந்தத் தொழிலில் குறையாகாது.

நாய்கள் கூட்டாகத் திட்டமிடுவதில் உண்மையிலேயே மட்டம். வியன்னா ஆய்வாளர்களின் 2017ஆம் ஆண்டுச் சோதனையில், ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இரு விலங்குகள் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் உணவுத்தட்டு வரும். ஓநாய்கள் 416 முயற்சிகளில் 100 முறை வென்றன. நாய்கள் 472 முயற்சிகளில் 2 முறை. உணவின் அருகே மற்ற நாய் இருந்தால் ஒதுங்கிக்கொள்வது நாய்களின் வழக்கம் என்பதும் ஒரு காரணம். ஹவுண்ட் கூட்டம் ஓடுவது இந்த வகை ஒத்துழைப்பால் அல்ல. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது, செய்வதை உரக்கச் சொல்கிறது.

கூட்டம் பெருத்தால் பலமும் பெருகுமா? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மேக்நல்டி குழு எல்க் மான் வேட்டையைக் கணக்கெடுத்தபோது, நான்கு ஓநாய்வரை வெற்றி கூடியது. அதற்குமேல் கூடவில்லை, பின்வரிசை ஓநாய்கள் உடன் ஓடிவந்தன, உழைக்கவில்லை. ஆபத்தான பைசனிடம்தான் அதைவிடப் பெரிய கூட்டம் பயன்பட்டது. கரடி வேட்டையில் ஒரே நேரத்தில் ஆறு நாய்களுக்கு மேல் கூடாது என்று விஸ்கான்சின் மாநிலம் விதித்திருப்பது கரடிக்குச் சாதகமான சட்டம். நாய் பழக்குபவருக்கும் அது சாதகம்: பதினைந்து நாய் கத்தும் கூட்டத்தில் எது உழைக்கிறது, எது ஊர்வலம் வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்?

மரத்தில் ஏறி நிற்கும் கரடியைச் சுடுவதில் எனக்கு வீரம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்தப் பயிற்சி வேட்டையோடு நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவில் கேரி ஹன்ட் 1996இல் நிறுவிய விண்ட் ரிவர் கரடி நிறுவனம், கரேலியக் கரடிநாய்களைக் கொண்டு ஊருக்குள் வரும் கரடிகளைக் குரைத்து விரட்டிக் காட்டுக்கே அனுப்புகிறது. கரடி உயிரோடு பிழைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய வனவிலங்குக் கல்லூரிக்கு டெக்சாஸிலிருந்து ஹவுண்டுகளைக் கொண்டுபோனார்கள். காண்டாமிருகக் கள்ளவேட்டைக்காரர்களின் தடத்தில் முன்பு கயிற்றில் பிடித்த ஒற்றை நாயோடு காவலர் ஓடுவார். அவர் கால் வேகம்தான் நாயின் வேகம். இப்போது கூட்டம் கட்டவிழ்ந்து ஓட, கழுத்துப்பட்டைச் சமிக்ஞையைத் தொடர்ந்து காவலர்கள் ஹெலிகாப்டரில் வருகிறார்கள். ரக்கூனுக்குப் பதில் மனிதத் தடம். மற்றபடி பாடம் அதேதான். ஆனால் மானை மறக்கப் பழகியது இம்பாலாவுக்குச் செல்லாது, வரிக்குதிரைக்கும் செல்லாது. ஒவ்வொரு மணத்தையும் புதிதாகச் சலிப்பாக்கியாக வேண்டும். புதருக்குள் சிங்கம் படுத்திருக்கும் நாட்டில் அதைக் குட்டிகளுக்கு அவசரமில்லாமல் செய்துமுடிக்க வேண்டும் என்பது அங்கிருக்கும் பழக்குபவர்களின் தலைவலி.